குண்டிக்காய்

தொடையைப் பதினொரு கூறாக வெட்டலாம்.
விலா எலும்பை எண்ணிப் பிரிக்கலாம்.
நெஞ்சாங்குலை ஒன்றுதான்.
மூளையும் ஒன்று,
அதைப் பதினொன்றாக்கினால்
ஆளுக்கு ஒரு தேக்கரண்டி யோசனைகூடத் தேறாது.
அதனால் சீட்டு.

தீபாவளிக்கு முதல் நாள் விடியற்காலை.
லூனாஸ், மூணாங் கட்டை.
மலிவு வீடுகளின் பின்புறம்
செம்பனை வரிசை தொடங்குகிற இடத்தில்
பதினொரு வீட்டு ஆடு தொங்குகிறது.
கணக்கு என் கையில்.
வீட்டுக்கு நூற்றைம்பது வெள்ளி;
புஷ்பவல்லி மட்டும் இன்னும் நாற்பது பாக்கி.

காதர் மைதீன் உள்ளே கையை விட்டு
பெயர் சொல்லிச் சொல்லி
வாழையிலைமேல் வைக்கிறார்.
ஈரல். சுவரொட்டி. நுரையீரல், இன்னும் மூச்சு விடுவதுபோல்.
குடல் நீல பேசினில்,
புல் வாசம் போகாமல்.
குடல் கழுவுவது எந்தச் சீட்டிலும் வராது,
வருசா வருசம் எனக்கே வரும்.
சுண்ணாம்பு தடவி, சுடுதண்ணீர் ஊற்றி,
பூத்துவாலை மாதிரி இருக்கும் பக்கத்தைக்
கரண்டியால் சுரண்டுவேன்.
பிடித்துத்தான் செய்கிறேன்.
யாரிடமும் சொன்னதில்லை.

மைலோ டின்னுக்குள் கைவிடுகிறான் கவினேஷ்.
மூளை, ரெங்கநாயகி வீட்டுக்கு.
"அங்கதான் தேவை" என்றது ஒரு குரல்.
ஈரல், புஷ்பவல்லிக்கு.
பாக்கி வைத்தவளுக்கு ஈரல்!
விதை இரண்டும்
கல்யாணம் ஆகாத பாமினி டீச்சருக்கு.
யாரும் சிரிக்கவில்லை என்பதுபோல்
எல்லோரும் செம்பனையைப் பார்த்தோம்.
குண்டிக்காய்,
சிங்காரவேலுக்கு.

எண்ணெய் ஆலை லாரி ஓட்டிய சிங்காரவேலு.
செவ்வாய், வியாழன், சனி
டயர்க்கடை மாடியில் நாலு மணி நேரம் படுத்து
ரத்தத்தைக் கழுவிக்கொண்டு வரும் சிங்காரவேலு.
அந்த மாடியில் அதற்குப் பெயர் சிறுநீரகம்.
தாதி நூருலுக்குப் பூவா பிங்காங்.
இங்கே, கறிக்கட்டையில், குண்டிக்காய்.
மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
இதுவரை நாங்கள் பார்த்ததில்லை.

கவினேஷ் சீட்டைத் திரும்ப டின்னுக்குள் போடப் போனான்.
"வைடா" என்றார்.
ஊசிக்கு வீங்கி
ரப்பர் மர வேர்போல் புடைத்த கையை நீட்டினார்.
காதர் கொழுப்புறையை உரித்து
இரண்டையும் அதில் வைத்தார்.
சூடு ஆறவில்லை.
எடை பார்ப்பதுபோல் ஏற்றி இறக்கி,
"இத்துனூண்டா?
எனக்கு இந்த வேலையைப் பாக்குற மிஷின்
ஐஸ்பெட்டி சைஸ் இருக்கும், பாய்."
பாய் கத்தியைத் துடைத்தார்.
துடைத்த கத்தியையே
இன்னொரு முறை துடைத்தார்.

மதியம் தனபாக்கியம் வந்தாள்,
மூடிய கிண்ணத்தோடு.
நடுவில் பிளந்து, வெள்ளை நரம்பு எடுத்து,
மிளகும் சோம்பும் இடித்துப் போட்டு வதக்கியது.
"அவருக்கு ஆகாது. பாஸ்பரஸாம்.
ஒரு துண்டை வாயில வெச்சு உப்பு பாத்துட்டுத்
துப்பிட்டாரு.
மிச்சத்தைக் கணக்கு பாக்குற புள்ளைக்குக்
குடுன்னாரு."

நின்றுகொண்டே தின்றேன், அடுப்பங்கரையில்.
பல்லுக்கு முதலில் வழுக்கும்,
பிறகு ஒரு சின்ன மறுப்பு,
பிறகு அவித்த பயறுபோல் மாவாகும்.
எத்தனை தண்ணீரில் அலசினாலும்
அடியில் மெலிதாக
அது செய்த தொழிலின் வாசம் இருக்கும்.
எனக்கு அதற்காகவே பிடிக்கும்.
விரலால் கிண்ணத்தை வழித்தேன்.

ராத்திரி, தெருவில் பட்டாசு ஓய்ந்தபின்
கழிவறையில் உட்கார்ந்தேன்.
சளசளவென்று போனது.
தகரக் கதவில் பட்டு
எனக்கே திரும்பக் கேட்டது,
அவருக்கு மூன்று வருடமாக வராத சத்தம்.
தண்ணீர் ஊற்றாமல்
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.
வெறும் கிண்ணத்தைத் திருப்பக் கூடாது.
முறுக்கில் உப்பு, வாழைப்பழத்தில் பொட்டாசியம்,
பாயாசம் ஒரு கரண்டிகூட அளவுக்கு மேல்.
அவருக்கு ஆகிற மாதிரி
வீட்டில் என்ன இருக்கிறது?